சிகரெட் பெட்டியில் மூன்று எச்சரிக்கை: யூகோஸ்லாவியாவை உடைத்தது 600 வருஷப் பகையா?

போஸ்னியா நாட்டு சிகரெட் பெட்டியின் படம் ஒன்று இணையத்தில் பல வருஷமாகச் சுற்றுகிறது. 'புகைப்பது கொல்லும்' என்ற எச்சரிக்கை அதில் மூன்று முறை அச்சாகியிருக்கும். போஸ்னிய மொழியில் ஒன்று, குரோஷிய மொழியில் ஒன்று, செர்பிய மொழியில் ஒன்று. முதல் இரண்டும் எழுத்துக்கு எழுத்து ஒரே வாக்கியம். மூன்றாவதும் அதே வார்த்தைகள்தான், சிரிலிக் எழுத்தில் இருக்கிறது, அவ்வளவே. சத்தமாக வாசித்துப் பார்த்தால் மூன்றுக்கும் வித்தியாசமே தெரியாது.

பார்த்ததும் சிரிப்பு வரும். ஆனால் இந்த மூன்று வரிகளும் தனித்தனியாக அச்சாவதற்குக் கொடுத்த விலையைப் பாருங்கள். 1991-ல் தொடங்கி பத்து வருஷம் நீண்ட யூகோஸ்லாவியப் போர்களில் 1,30,000-க்கும் அதிகமானவர்கள் இறந்தார்கள். அதில் சுமார் ஒரு லட்சம் பேர் போஸ்னியாவில் மட்டும். அந்த நாட்டின் மொத்த மக்கள்தொகையே அப்போது 44 லட்சம்தான். அதில் கிட்டத்தட்ட பாதிப் பேர் வீட்டை விட்டு ஓடினார்கள். போருக்கு முன்பு அந்த மொழிக்கு இருந்தது ஒரே பெயர், செர்போ-குரோஷியன்.

ஏன் இப்படி ஆச்சு என்று கேட்டால் ஒரு ரெடிமேட் பதில் தயாராக இருக்கும்: 'அவங்க நூற்றாண்டு நூற்றாண்டா அடிச்சுக்கிட்டவங்க. டிட்டோ இருந்தவரை அடக்கி வெச்சிருந்தார். அவர் போனதும் வெடிச்சிடுச்சு.' போரை நடத்திய தலைவர்கள் இதைச் சொன்னார்கள். தலையிடத் தயங்கிய மேற்கத்தியத் தலைவர்களும் இதையே சொன்னார்கள். இரண்டு தரப்புக்கும் இது வசதியான பதில். பகை அவ்வளவு பழையது என்றால் யாரும் பொறுப்பேற்க வேண்டாம், யாரும் எதையும் செய்யவும் வேண்டாம்.

பதில் தப்பு என்பதுதான் பிரச்சினை. இன்றைக்கு நம் மொபைலில் வரும் ஒவ்வொரு போர்ச் செய்திக்குக் கீழேயும் இதே பதிலை யாரோ ஒருவர் கமென்ட்டில் போடுகிறார் என்பதால், யூகோஸ்லாவியாவில் உண்மையில் என்ன நடந்தது என்று கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்பது அவசியம்.

1389-ல் நடந்தது என்ன?

'600 வருஷப் பகை' கதைக்கு ஆரம்பப் புள்ளி கொசோவோ போர்க்களம். 1389 ஜூன் மாதம், செர்பிய இளவரசர் லாசரின் படையும் ஒட்டோமான் சுல்தான் முராத்தின் படையும் அங்கே மோதின. இரண்டு தலைவர்களும் செத்தார்கள். செர்பிய நாட்டுப்புறப் பாடல்களில் அது மாபெரும் தியாகமாக, கிறிஸ்தவமும் இஸ்லாமும் மோதிய நாளாக நிலைத்துவிட்டது.

கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்த்தால் படம் கலங்குகிறது. லாசருக்கு உதவியாகப் படை அனுப்பியவர்களில் ஒருவர் போஸ்னியா மன்னர். லாசர் இறந்த பிறகு அவர் மகள் புதிய சுல்தான் பயஸீத்துக்கு மனைவியானார். லாசரின் மகன் ஸ்டெஃபான், தன் தந்தையைத் தோற்கடித்த அதே ஒட்டோமான்களின் பக்கம் நின்று 1396-ல் நிகோபோலிஸிலும், 1402-ல் அங்காராவிலும் சண்டை போட்டார். அந்தக் காலத்து அரசர்களுக்கு வரியும் மணஉறவும் கூட்டணியும்தான் கணக்கு. 'தேசம்' என்ற கணக்கே அப்போது கிடையாது.

இந்த ஞாபகத்துக்கு 1980-களின் கடைசியில் மறுஉயிர் கொடுக்கப்பட்டது. போரின் 600-வது ஆண்டு நெருங்கியபோது லாசரின் எலும்புகள் செர்பியர்கள் வாழும் ஊர் ஊராக ஊர்வலம் கொண்டு போகப்பட்டன. 1989 ஜூன் 28-ம் தேதி, கொசோவோவின் காஸிமெஸ்தான் திடலில் பல லட்சம் பேர் கூடினார்கள். மேடையில் செர்பியத் தலைவர் ஸ்லோபோடான் மிலோசெவிச். இப்போது நடப்பது ஆயுதப் போர் இல்லை, ஆனாலும் அதுவும் வராது என்று சொல்லிவிட முடியாது என்ற அர்த்தத்தில் அவர் பேசினார். அடுத்த வருஷங்களில் அந்த வரியை எத்தனை பேர் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்திருப்பார்கள்!

இதற்காக நிஜமான காயமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. இரண்டாம் உலகப் போரின்போது, ஹிட்லரின் ஆதரவோடு குரோஷியாவை ஆண்ட உஸ்டாஷா ஆட்சி செர்பியர்களையும் யூதர்களையும் ரோமா மக்களையும் கூட்டம் கூட்டமாகக் கொன்றது. யசெனோவாட்ஸ் முகாமில் மட்டும் 80 ஆயிரத்தைத் தாண்டிய உயிர்கள் போனதாக ஆய்வாளர்கள் கணிக்கிறார்கள். செட்னிக் என்ற செர்பியப் படையினர் முஸ்லிம்களையும் குரோட்களையும் கொன்றார்கள். 1990-ல் இதை நேரில் பார்த்த தாத்தா பாட்டிகள் உயிரோடு இருந்தார்கள். ஆக, பயத்துக்குக் காரணம் இருந்தது. ஆனால் அந்தப் பயத்தின் வயது 600 இல்லை, 50. நடுவில் 45 வருஷம் அதே மக்கள் ஒரே ஃபேக்டரியில் வேலை பார்த்தார்கள், ஒருவர் வீட்டில் ஒருவர் பெண் எடுத்தார்கள். 1984 குளிர்கால ஒலிம்பிக்ஸைச் சேர்ந்தே நடத்தினார்கள், அதுவும் சரயேவோவில்.

காபித்தூள் தீர்ந்துபோன நாடு

அப்படியென்றால் எது மாறியது? டிட்டோ 1980 மே 4-ம் தேதி இறந்தார் என்பதை எல்லோரும் சொல்வார்கள். அதே சமயத்தில் கடன் தவணை வந்து நின்றதைப் பலர் சொல்வதில்லை.

நம் அப்பா, தாத்தா தலைமுறைக்கு யூகோஸ்லாவியா என்றால் நேரு, நாசரோடு கைகோத்து நின்ற டிட்டோவின் நாடு. அணிசேரா நாடுகளின் முதல் உச்சி மாநாடு 1961-ல் நடந்தது பெல்கிரேடில்தான். அமெரிக்கா, சோவியத் இரண்டு பக்கமும் சாயாமல், இரண்டு பக்கமும் கடன் வாங்கி, கம்யூனிஸ்ட் நாடுகளிலேயே வசதியான வாழ்க்கையை அது மக்களுக்குத் தந்தது. 1980-களின் தொடக்கத்தில் வெளிநாட்டுக் கடன் சுமார் 2,000 கோடி டாலர். வட்டி விகிதம் ஏறியது, ஐஎம்எஃப் வந்தது, சிக்கனம் வந்தது. பெட்ரோலுக்குக் கூப்பன். ஒற்றைப்படை, இரட்டைப்படை நம்பர் பார்த்து கார் ஓட்ட அனுமதி. காபித்தூளும் சோப்புத்தூளும் கடையில் கிடைக்காது. 1989-ல் விலைவாசி ஆயிரம் சதவீதத்தைத் தாண்டி எகிறியது.

நாட்டின் அமைப்பையும் இங்கே சொல்லிவிட வேண்டும். ஸ்லோவேனியா, குரோஷியா, போஸ்னியா-ஹெர்ஸகோவினா, செர்பியா, மான்டினீக்ரோ, மாசிடோனியா என ஆறு குடியரசுகள். செர்பியாவுக்குள் கொசோவோ, வோய்வோடினா என்று இரண்டு தன்னாட்சி மாகாணங்கள். டிட்டோவுக்குப் பிறகு இந்த எட்டுக்கும் தலா ஒரு பிரதிநிதி, சுழற்சி முறையில் தலைமை. பணம் இருக்கும்வரை இது ஓடியது. பணம் தீர்ந்ததும் 'நம்ம காசை அவங்க தின்கிறாங்க' என்ற பேச்சு எல்லாப் பக்கமும் கிளம்பியது. வடக்கே பணக்கார ஸ்லோவேனியா, தெற்கே ஏழை கொசோவோ. இரண்டுக்கும் வருமான இடைவெளி பல மடங்கு.

கம்யூனிசம் என்ற முத்திரைக்கு மதிப்பு போன நேரம் அது. பதவியில் இருந்தவர்களுக்கு, பதவியில் நீடிக்க வேறு ஒரு காரணம் தேவைப்பட்டது. மிலோசெவிச்சுக்கு அது 1987 ஏப்ரலில் கிடைத்தது. கொசோவோவில் சுமார் 80 சதவீதம் பேர் அல்பேனியர்கள், செர்பியர்கள் சிறுபான்மை. அங்கே போராடிய செர்பியர்களைப் போலீஸ் தடியால் அடித்தபோது, இனி யாரும் உங்களை அடிக்கக் கூடாது என்று அவர் கேமரா முன்னால் சொன்னார். அந்தக் கூட்டத்திடம் கற்கள் முன்கூட்டியே தயாராக இருந்ததெல்லாம் பிறகுதான் வெளியே வந்தது. பெல்கிரேட் டிவி அந்தக் காட்சியைத் திரும்பத் திரும்பப் போட்டது. அதுவரை அவர் சலிப்பூட்டும் கட்சி அதிகாரி, வங்கி நிர்வாகி. ஒரே வீடியோ கிளிப்பில் தேசத்தின் பாதுகாவலர் ஆகிவிட்டார்.

ஓட்டுப்பெட்டி எங்கே வைத்தார்கள்?

இந்தப் பாதையில் ஒரு மாற்று வழியும் இருந்தது. கூட்டாட்சியின் கடைசி பிரதமர் ஆன்டே மார்கோவிச். 1989 டிசம்பரில் தினாரை ஜெர்மன் மார்க்கோடு கட்டிப்போட்டு, சில மாதங்களிலேயே விலைவாசியை அடக்கினார். மக்களிடம் அவருக்குப் பெரிய பெயர் கிடைத்தது. நாடு முழுக்க ஒரு தேர்தல் நடந்திருந்தால் எல்லா இனத்தவரிடமும் ஓட்டுக் கேட்கக்கூடிய ஆள் அவர் ஒருவர்தான்.

அந்தத் தேர்தல் நடக்கவே இல்லை. 1990-ல் ஆறு குடியரசுகளிலும் தனித்தனியாகத் தேர்தல் நடந்தது. கூட்டாட்சி நாடாளுமன்றத்துக்கு மட்டும் நடக்கவில்லை. வெறும் தேர்தல் கமிஷன் விஷயம் போலத் தெரியும் இது, உண்மையில் பெரிய திருப்பம். செர்பியாவில் ஜெயிக்க செர்பியர் ஓட்டு போதும், குரோஷியாவில் ஜெயிக்க குரோட் ஓட்டு போதும் என்றால், இரண்டு பேருக்கும் பொதுவாகப் பேசும் கட்சிக்கு வேலையே இல்லை. ஜனநாயகம் வந்தது, ஆனால் யாருக்கான ஜனநாயகம் என்பதை எல்லைக்கோடு முடிவு செய்துவிட்டது.

டிசம்பர் தேர்தலுக்காக செர்பிய அரசு இன்னொரு வேலையும் பார்த்தது. 100 கோடி டாலருக்கும் மேல் மதிப்புள்ள தினாரைக் கூட்டாட்சிக்குத் தெரியாமல் அச்சடித்து, சம்பளமும் பென்ஷனும் கொடுத்தது. 1991 ஜனவரியில் விஷயம் வெளியே வந்தபோது மார்கோவிச்சின் திட்டம் செத்துப்போயிருந்தது. தேசத்தைக் காக்கிறேன் என்றவர்கள் அந்தத் தேசத்தின் கஜானாவில் கை வைத்த கதை!

குரோஷியாவில் ஜெயித்தவர் ஃப்ரான்யோ டுஜ்மான். அங்கே 12 சதவீதம் பேர் செர்பியர்கள். 1990 டிசம்பரில் வந்த புதிய அரசியல் சாசனம், குரோட்களோடு சமமாக நாட்டை அமைத்த மக்கள் என்ற நிலையில் இருந்து அவர்களைச் சிறுபான்மையாக மாற்றியது. போலீஸில் இருந்த செர்பியர்களுக்கு வேலை போனது. உஸ்டாஷா காலத்தை ஞாபகப்படுத்தும் சதுரங்கக் கட்டக் கொடி கட்டடங்களில் ஏறியது. அந்தச் சின்னம் உஸ்டாஷாவைவிடப் பல நூற்றாண்டு பழையது என்று குரோட்கள் சொன்னது உண்மைதான். தாத்தாவை முகாமில் இழந்த ஒரு செர்பியருக்கு அந்த விளக்கம் போதவில்லை என்பதும் உண்மைதான்.

பேசித் தீர்க்கப் பார்த்தவர்

எரிகிற தீயில் யார் எண்ணெய் ஊற்றினார்கள் என்று தெரிய, ஒசியெக் நகரப் போலீஸ் தலைவரின் கதையைக் கேட்க வேண்டும். யோசிப் ரெய்ல்-கிர் அவர் பெயர். குரோஷியாவின் கிழக்கே, செர்பிய கிராமமும் குரோட் கிராமமும் மாறி மாறி இருக்கும் பகுதி. 1991 வசந்த காலத்தில் ஒவ்வொரு கிராமத்தின் வாசலிலும் மரக்கட்டை, டிராக்டர், மணல் மூட்டை போட்டுத் தடுப்பு. உள்ளே வேட்டைத் துப்பாக்கியோடு பயந்துபோன மனிதர்கள். பக்கத்து ஊர்க்காரன் ராத்திரி வந்து வெட்டிவிடுவான் என்று இரண்டு ஊரும் நம்பின.

ரெய்ல்-கிர் ஆயுதம் இல்லாமல் தடுப்புத் தடுப்பாகப் போனார். பேசினார், உத்தரவாதம் கொடுத்தார், தடுப்புகளை எடுக்க வைத்தார். பல இடங்களில் பலித்தது. 600 வருஷப் பகை என்றால் ஒரு போலீஸ்காரரின் பேச்சுக்கு எப்படி அடங்கும்?

ஏப்ரல் நடுவில் டுஜ்மான் கட்சியின் தீவிர ஆட்கள் சிலர் போரோவோ செலோ என்ற செர்பிய கிராமத்தின் மேல் ராக்கெட் வீசிவிட்டுப் போனார்கள். அதில் ஒன்று பெல்கிரேட் டிவியில் ஆதாரமாகக் காட்டப்பட்டது. மே 2-ம் தேதி அதே கிராமத்துக்குள் போன குரோஷியப் போலீஸார் 12 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இப்போது ஜாக்ரெப் டிவிக்கும் படம் கிடைத்தது. ரெய்ல்-கிர் தன் உயிருக்கு ஆபத்து என்று உணர்ந்து மாற்றல் கேட்டிருந்தார். ஆனாலும் பேச்சை விடவில்லை. ஜூலை 1-ம் தேதி தென்யா கிராமத்துச் சோதனைச் சாவடியில் அவர் கார் மேல் தோட்டா மழை பொழிந்தது. அவரோடு இருந்த இரண்டு உள்ளூர்ப் பிரதிநிதிகளும் செத்தார்கள்.

சுட்டவர் செர்பியர் இல்லை. குரோட் ரிசர்வ் போலீஸ்காரர், ஆளுங்கட்சிக்காரர். பல வருஷம் கழித்து ஆஸ்திரேலியாவில் இருந்து கொண்டுவரப்பட்டு தண்டிக்கப்பட்டார்.

எதிரி இனத்தைச் சுடுவதற்கு முன்னால் சொந்த இனத்தில் சமாதானம் பேசுகிறவரைச் சுட வேண்டியிருந்தது. அந்த வேலை முடிந்த பிறகு, நடுவில் நின்று பேச யாரும் மிஞ்சவில்லை. ஆகஸ்ட் கடைசியில் பக்கத்து நகரமான வுகோவர் முற்றுகைக்கு ஆளானது. குரோட்கள் சுமார் 44 சதவீதம், செர்பியர்கள் 37 சதவீதம் இருந்த பகுதி அது. 87 நாள் குண்டு மழைக்குப் பிறகு நவம்பரில் விழுந்தபோது, ஆஸ்பத்திரியில் இருந்து பிடித்துக்கொண்டு போன 200-க்கும் மேற்பட்டவர்கள் ஒவ்சாரா பண்ணையில் கொல்லப்பட்டார்கள்.

அதே வாரம் பெல்கிரேட் டிவியில் வேறு ஒரு செய்தி ஓடியது. போரோவோவில் ஒரு பள்ளிக்கூடத்தில் 40-க்கும் மேற்பட்ட செர்பியக் குழந்தைகள் கொல்லப்பட்டதாக ஒரு போட்டோகிராபர் சொன்னார். ராய்ட்டர்ஸும் வெளியிட்டது. மறுநாள் அவரே தான் உடல்களைப் பார்க்கவில்லை என்று ஒப்புக்கொள்ள, ராய்ட்டர்ஸ் செய்தியைத் திரும்பப் பெற்றது. வதந்தி திரும்பவில்லை. வாட்ஸ்அப் வருவதற்கு 18 வருஷம் முன்னால்!

போகாமல் நின்றவர்கள்

பழைய பகைதான் காரணம் என்றால், போர் அறிவிப்பு வந்ததும் கூட்டம் கூட்டமாகப் படையில் சேர்ந்திருக்க வேண்டும், இல்லையா? நடந்தது தலைகீழ். பெல்கிரேடில் ரிசர்வ் படைக்கு அழைக்கப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலானோர் வரவே இல்லை. நண்பர் வீட்டில் ஒளிந்தார்கள், ஹங்கேரி வழியாக வெளிநாடு ஓடினார்கள். ஒரு வீரர் வுகோவர் போர்முனையில் இருந்து கவச வண்டியை ஓட்டிக்கொண்டு நேராக பெல்கிரேட் நாடாளுமன்ற வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். இன்னொருவர், ஆயுதத்தை வைத்துவிட்டு நின்றவர்களுக்கும் போகத் தயாரானவர்களுக்கும் நடுவில் நின்று, எந்தப் பக்கமும் போக முடியாமல் தன்னையே சுட்டுக்கொண்டார்.

அப்போ யார்தான் போனது? இங்கேதான் அர்கான் போன்றவர்கள் வருகிறார்கள். ஐரோப்பா முழுக்க வங்கிக் கொள்ளைக்காகத் தேடப்பட்டவர், ரெட் ஸ்டார் பெல்கிரேட் கால்பந்து கிளப்பின் ரசிகர் கூட்டத்துக்குத் தலைவர் ஆனார். அந்த ஸ்டேடிய ரவுடிகளில் இருந்து 'புலிகள்' என்ற ஆயுதக் குழுவைத் திரட்டினார். ஊர் ஊராகப் போய்க் கொல்வதும், வீட்டில் இருந்த டிவி, ஃப்ரிட்ஜ் வரை லாரியில் ஏற்றுவதும் அவர்கள் தொழில். தேசபக்தியின் முன்வரிசையில் நின்றது இவர்கள்தான். ஒரு லட்சம் பேர் வெறுக்க வேண்டியதில்லை. சில ஆயிரம் பேருக்கு ஆயுதமும் அனுமதியும் கொடுத்து, மற்றவர்களைப் பயத்தில் வாயடைக்க வைத்தாலே போதும்.

'நான் ஏன் உன் நாட்டில் சிறுபான்மை?'

தலைவர்களின் சூது மட்டுமே போதும் என்று விட்டுவிட்டாலும் பாதிக் கதைதான். அவர்கள் கையில் ஒரு வலுவான யோசனை இருந்தது. தேசிய அரசு என்ற யோசனை. ஒரு நாடு ஒரு இனத்துக்குச் சொந்தம். மற்றவர்கள் அங்கே இருக்கலாம், உரிமையாளர் ஆக முடியாது. 19-ம் நூற்றாண்டு ஐரோப்பாவில் பேரரசுகளை உடைத்த யோசனை இது. இதே யோசனைதான் பல சிறிய மக்களுக்கு விடுதலையையும் தந்தது என்பதை மறுக்க முடியாது.

கலந்து வாழும் ஊரில் இதைப் பொருத்தும்போது என்ன ஆகும் என்பதைப் பொருளாதார அறிஞர் விளாதிமிர் கிளிகோரோவ் ஒரே கேள்வியில் அடக்கினார்: என் நாட்டில் நீ சிறுபான்மையாக இருக்க முடியும்போது, உன் நாட்டில் நான் ஏன் சிறுபான்மையாக இருக்க வேண்டும்? குரோட்கள் யூகோஸ்லாவியாவைப் பார்த்து இதைக் கேட்டார்கள். குரோஷியாவுக்குள் இருந்த செர்பியர்கள் குரோஷியாவைப் பார்த்துக் கேட்டார்கள். செர்பியாவுக்குள் இருந்த கொசோவோ அல்பேனியர்களும் அதையே கேட்டார்கள். கேள்விக்கு முடிவே கிடையாது. ஒரு கட்டத்தில் கோட்டை மக்களுக்கு ஏற்ப மாற்ற முடியாமல், கோட்டுக்கு ஏற்ப மக்களை மாற்றத் தொடங்குவார்கள். 'இனச் சுத்திகரிப்பு' என்ற வார்த்தை உலகச் செய்திகளில் புழக்கத்துக்கு வந்தது அப்படித்தான்.

இதில் மிக மோசமாக மாட்டியது போஸ்னியா. 1991 கணக்கெடுப்பில் முஸ்லிம்கள் 43 சதவீதம், செர்பியர்கள் 31, குரோட்கள் 17. மீதியில் 5 சதவீதத்துக்கும் மேல் 'நாங்க யூகோஸ்லாவ், அவ்வளவுதான்' என்று எழுதிக் கொடுத்தவர்கள். 1991 மார்ச்சில் மிலோசெவிச்சும் டுஜ்மானும் கரஜோர்ஜெவோ மாளிகையில் ரகசியமாகச் சந்தித்தபோது போஸ்னியாவைப் பங்கு போடுவது பற்றிப் பேசியதாகப் பின்னர் சாட்சியங்கள் வந்தன. படைகள் மோதத் தயாரான நேரத்தில் இரண்டு தலைவர்களும் உட்கார்ந்து பேச முடிந்திருக்கிறது.

ஐநா அமைதிப்படையின் முதல் தளபதி இந்தியாவின் லெப்டினன்ட் ஜெனரல் சதீஷ் நம்பியார். குரோஷியாவுக்காக அமைக்கப்பட்ட அந்தப் படைக்குத் தலைமையகம் தேடியபோது 1992 தொடக்கத்தில் தேர்ந்தெடுத்த ஊர் சரயேவோ. எல்லா இனத்தவரும் கலந்து வாழும் நடுநிலையான ஊர் என்றுதான் அதைப் பார்த்தார்கள். ஏப்ரல் 5-ம் தேதி, போர் வேண்டாம் என்று எல்லா இனத்தவரும் சேர்ந்து ஊர்வலம் போனார்கள். துப்பாக்கிகள் வெடித்தன. பாலத்தில் சுடப்பட்ட இரண்டு பெண்களில் ஒருவர் மருத்துவ மாணவி. அந்த நாளில் தொடங்கிய முற்றுகை 1,425 நாள் நீடித்தது. ஒலிம்பிக் வீரர்கள் சறுக்கி விளையாடிய மலைகளில் இருந்து பீரங்கி சுட்டது. நகரத்தைக் காத்த போஸ்னியப் படையின் துணைத் தளபதி யோவான் திவ்யாக் ஒரு செர்பியர்! வடமேற்கில் பிஹாச் பகுதியில் முஸ்லிம் படையும் முஸ்லிம் படையுமே மோதிக்கொண்டன. 'இனப் போர்' என்ற சட்டகத்துக்குள் இதையெல்லாம் எங்கே வைப்பது?

1993 நவம்பரில், 1566-ல் கட்டிய மோஸ்டார் பாலத்தை குரோட் பீரங்கிகள் நெரெட்வா ஆற்றில் விழ வைத்தன. 1995 ஜூலையில், ஐநா 'பாதுகாப்புப் பகுதி' என்று அறிவித்திருந்த ஸ்ரெப்ரெனிட்சாவில் போஸ்னிய செர்பியப் படை 8,000-க்கும் மேற்பட்ட முஸ்லிம் ஆண்களையும் சிறுவர்களையும் கொன்றது. டச்சு அமைதிப்படை அங்கேயே இருந்தது. சர்வதேச நீதிமன்றங்கள் அதை இனப்படுகொலை என்று தீர்ப்பளித்தன. அடுத்த மாதம் குரோஷியப் படை கிராய்னா பகுதியைப் பிடித்தபோது ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமான செர்பியர்கள் டிராக்டரில் ஏறி ஓடினார்கள். 1991-ல் 12 சதவீதமாக இருந்த குரோஷியச் செர்பியர்கள் 2021 கணக்கெடுப்பில் சுமார் 3 சதவீதம்.

மிச்சம் என்ன?

செர்பியர்களுக்காக நடந்ததாகச் சொன்ன போரில் செர்பியர்களுக்குக் கிடைத்தது, 1993-ல் அச்சான 50,000 கோடி தினார் நோட்டு. ஒரே ஒரு நோட்டின் மதிப்பு அது. 1999-ல் கொசோவோவுக்காக நேட்டோ 78 நாள் குண்டு போட்டது. 2000 அக்டோபரில் மக்களே மிலோசெவிச்சை இறக்கினார்கள். ஹேக் நகர நீதிமன்றத்துக்கு அவர் அனுப்பப்பட்டது 2001 ஜூன் 28. காஸிமெஸ்தானில் பேசிய அதே தேதி. தீர்ப்பு வருவதற்குள் 2006-ல் சிறையிலேயே இறந்தார். ஒரு நாடு இருந்த இடத்தில் இன்று ஏழு. ஏழாவதான கொசோவோவை இந்தியா இன்னும் அங்கீகரிக்கவில்லை.

போஸ்னியாவில் சண்டையை நிறுத்தியது 1995-ன் டேட்டன் ஒப்பந்தம். நிறுத்தியதற்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். ஆனால் போர் வரைந்த கோடுகளை அது அரசியல் சாசனத்திலேயே எழுதிவைத்தது. நாட்டுக்கு மூன்று அதிபர்கள்: ஒரு போஸ்னியாக், ஒரு குரோட், ஒரு செர்பியர். இந்த மூன்றில் எதுவும் இல்லை என்றால்? போட்டியிட முடியாது. ரோமா ஒருவரும் யூதர் ஒருவரும் வழக்குப் போட்டு, 2009-ல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தில் ஜெயித்தார்கள். தீர்ப்பு வந்து பத்து வருஷத்துக்கும் மேலாகியும் சாசனம் மாறவில்லை. 'நாங்க யூகோஸ்லாவ்' என்று எழுதிக் கொடுத்த அந்த 5 சதவீதத்துக்கு நிரப்ப வேண்டிய கட்டம் இப்போது 'மற்றவர்கள்'.

'ஒரே கூரை, இரண்டு பள்ளி' என்ற ஏற்பாடும் அங்கே உண்டு. 50-க்கும் மேற்பட்ட பள்ளிகளில் போஸ்னியாக் பிள்ளைகளும் குரோட் பிள்ளைகளும் ஒரே கட்டடத்தில், வேறு வேறு வாசல் வழியாகவோ வேறு வேறு ஷிஃப்டிலோ படிக்கிறார்கள். பாடப் புத்தகமும் வேறு. தற்காலிகம் என்று சொல்லித் தொடங்கியது, இருபது வருஷம் தாண்டிவிட்டது. போரைப் பார்க்காத தலைமுறைக்கு யார் எதிரி என்று கட்டடத்தின் வாசலே சொல்லிக்கொடுக்கிறது.

2016-ல் யாய்ட்சே என்ற சிறு ஊருக்கும் இது வரப் பார்த்தது. 1943-ல் டிட்டோவின் போராளிகள் கூடி, யூகோஸ்லாவியா கூட்டாட்சி நாடாக இருக்கும் என்று தீர்மானம் போட்ட அதே ஊர். அங்கே போஸ்னியாக் மாணவர்களுக்குத் தனி மேல்நிலைப் பள்ளி அமைக்க மாவட்ட அரசு முடிவெடுத்தது. பெரியவர்கள் பலர் சரி என்றார்கள். இரண்டு தரப்பு மாணவர்களும் சேர்ந்து தெருவில் இறங்கினார்கள். ஒரு வருஷம் போராடினார்கள். 2017-ல் அரசு திட்டத்தைக் கைவிட்டது. அடுத்த வருஷம் அந்த மாணவர்களுக்கு, சிறுபான்மையினர் உரிமைக்கான மாக்ஸ் வான் டெர் ஸ்டூல் விருது கிடைத்தது. அவர்கள் எல்லோரும் போர் முடிந்த பிறகு பிறந்தவர்கள்.